குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ரெஸ்யூமே: கான்ட்ராக்ட் வருடங்களை எப்படி எழுதுவது?

வல்லம்_பஸ்ஸ்டாப்

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். முடித்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ், அப்புறம் மூன்று வருடம் ஓரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனிக்குள் லைன் இன்ஸ்பெக்ஷன் (ஆனால் கான்ட்ராக்டர் ரோல், அதாவது சம்பளம் கொடுப்பது கான்ட்ராக்டர், அடையாள அட்டையிலேயே வேறு பெயர்தான் இருக்கும்). இப்போது இரண்டு வருடமாக ஒரு மெஷினிங் கம்பெனியில் கம்பெனி ரோலிலேயே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வேறு இடம் பார்க்கலாம் என்று நௌக்ரி வேலைத் தளத்தில் போட்டேன், தெரிந்தவர்களிடமும் கொடுத்தேன். வருகிற போன் எல்லாம் இன்சூரன்ஸ் விற்க ஆள் தேடுகிறவர்கள்தான்.

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறேன் என்பதை மட்டும் இங்கே தமிழில் சொல்கிறேன்.

மேலே கேரியர் அப்ஜெக்டிவ்: சவாலான சூழலில் என் திறமையை முழுமையாகப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் உழைப்பது.

அனுபவம்: குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இன்கமிங், இன்புராசஸ், ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். ரிப்போர்ட் தயாரித்தல். 5எஸ், கைசன் (பணியிட ஒழுங்கு, தொடர் முன்னேற்ற முறைகள்). டிஎஸ் 16949 (வாகனத் துறைத் தரநிலை) பற்றிய அறிவு. மேலதிகாரி சொல்லும் வேலைகளைச் செய்தல்.

திறமைகள்: எம்எஸ் ஆபீஸ், ஆட்டோகேட், குழுவாக வேலை செய்தல், கடின உழைப்பு, சீக்கிரம் கற்றுக்கொள்வேன்.

கீழே அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆகவில்லை, ஆதார் எண், பொழுதுபோக்கு கிரிக்கெட், கடைசியில் டிக்ளரேஷனும் கையெழுத்தும்.

முக்கியமான கேள்வி இதுதான். அந்த மூன்று வருடத்துக்கு கார் கம்பெனி பெயரை எழுதுவதா, கான்ட்ராக்டர் பெயரை எழுதுவதா? கார் கம்பெனி பெயரையே போடு, யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறான் நண்பன்.

ஓசூர்க்காரன்

நண்பன் சொல்வதுதான் சரி. கான்ட்ராக்டர் பெயரைப் பார்த்தால் செக்யூரிட்டி ஏஜென்சி என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். வேலை செய்தது அந்தக் கேட்டுக்குள்தானே, மூன்று வருடம் அந்த லைனில்தானே நின்றீர்கள்? கம்பெனி பெயரையே போடுங்கள். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள்.

கோப்பும்_காபியும்

பாதிப் பேர் போடுகிறார்கள் என்பது உண்மை. ஆஃபர் வந்த பிறகு அதில் ஒரு பகுதி திரும்பிப் போவதும் உண்மை. ஆட்டோ காம்பொனென்ட் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் யூஏஎன் நம்பரில் (பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதிக்கான எண்) உள்ளே போய் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். அந்த மூன்று வருடமும் கான்ட்ராக்டர் பெயரில்தான் இருக்கும், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் உட்பட. பின்னணிச் சரிபார்ப்பு செய்கிறவர்கள் அதையும் ரெஸ்யூமேவையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். கார் கம்பெனிக்கு மெயில் போட்டால் "இந்தப் பெயரில் எங்கள் ரோலில் யாரும் இல்லை" என்று பதில் வரும், அது உண்மையும்தான். நீங்கள் செய்தது நிஜமான வேலை, எழுதிய விதத்தால் பொய் ஆகிவிடுகிறது.

இப்படி எழுதுங்கள். முதல் வரியில் பதவி, கார் ஆலையின் பெயர், ஊர். அதற்குக் கீழேயே "கான்ட்ராக்ட் ரோல், சம்பளம் வழங்கியது இன்ன நிறுவனம்" என்று அதே அளவு எழுத்தில். பொடி எழுத்தில் ஒளித்து வைக்காதீர்கள். படிப்பவருக்கு ஆலை பெயரும் தெரிகிறது, பிஎஃப் பதிவோடும் ஒத்துப்போகிறது. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆள் எடுப்பவர்களுக்குக் கான்ட்ராக்ட் ரோல் என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும், அதற்காக யாரும் உங்களைக் குறைத்துப் பார்க்க மாட்டார்கள். பார்க்கிற சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் எப்படி எழுதினாலும் ஒன்றுதான்.

இன்னொன்று, விலகிய தேதி அங்கே காலியாக இருந்தால் அதைச் சரி செய்யுங்கள். கான்ட்ராக்டர்கள் பல பேர் அதைப் போடுவதே இல்லை. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால் உறுப்பினர் போர்ட்டலில் நீங்களே போட முடியும். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்த மாதிரி தெரியும்.

அப்புறம் ஆதார் எண்ணை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ரெஸ்யூமே யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

வல்லம்_பஸ்ஸ்டாப்

நன்றி மேடம். பார்த்தேன், விலகிய தேதி காலியாகத்தான் இருக்கிறது. அப்ரண்டிஸ் வருடம் அந்த ஹிஸ்டரியில் வரவே இல்லையே, அதை எழுதலாமா?

கோப்பும்_காபியும்

1961 அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்திருந்தால் பிஎஃப் பிடித்திருக்க மாட்டார்கள், அதனால் வராது. தரமணி அப்ரண்டிஸ் போர்டு கொடுத்த சான்றிதழ் கையில் இருக்கிறதா? இருந்தால் அதுவே போதுமான அத்தாட்சி. தனி வரியாக "அப்ரண்டிஸ் பயிற்சி, ஒரு வருடம்" என்று எழுதுங்கள். மொத்த அனுபவம் 6 வருடம் என்று சேர்த்து எழுதாமல் 5 வருடமும் ஒரு வருட அப்ரண்டிஸும் என்று பிரித்தால் பின்னால் கேள்வி வராது.

மைக்ரான்

பெயர்ப் பிரச்சினை முடிந்தது. இனி உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். நான் ஒரு மெஷினிங் யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிறவன், ஆள் எடுக்கும்போது ஹெச்ஆர் அனுப்பும் கட்டு என் மேஜைக்குத்தான் வரும்.

தம்பி எழுதியிருப்பதில் என்ன பாகம் என்று இல்லை. மெட்டீரியல் இல்லை. எதை வைத்து அளந்தார் என்று இல்லை. டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) இல்லை. எம்எஸ் ஆபீஸ் மட்டும் இருக்கிறது. ஒரு இன்ஸ்பெக்டரின் ரெஸ்யூமேவில் ஒரு கேஜ் (அளவுக் கருவி) பெயர் கூட இல்லை என்றால் நான் எதை வைத்துக் கூப்பிடுவது?

ஆங்கிலத்தை மறந்துவிட்டு இங்கேயே தமிழில் பதில் சொல்லுங்கள். இப்போது என்ன பாகம் வருகிறது? அதில் எந்த அளவு ரொம்ப முக்கியம்? எதில் அளக்கிறீர்கள்? சிஎம்எம் (முப்பரிமாணத்தில் அளக்கும் மெஷின்) தொடுவீர்களா? என்ன மாதிரி ரிஜெக்ஷன் வரும்? நீங்கள் பார்த்துப் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள்.

வல்லம்_பஸ்ஸ்டாப்

சார், பாகம் ஸ்டீயரிங் நக்கிள், முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்புவது. எஸ்ஜி அயர்ன் (ஒரு வகை வார்ப்பிரும்பு) காஸ்டிங் வரும், விஎம்சியில் (கணினி வழி வெட்டும் மெஷின்) மெஷினிங். பேரிங் போர் (பேரிங் உட்காரும் துளை) தான் முக்கியம், 72 எச்7, அதாவது 72 மில்லிமீட்டருக்கு மேல் 30 மைக்ரான் தான் இடம். ஏர் கேஜில் (காற்றழுத்தத்தால் அளக்கும் கருவி) 100 சதவீதம் பார்ப்போம். மற்ற அளவுகள் போர் டயல், ஹைட் கேஜ், பிளக் கேஜ். சிஎம்எம்மில் இருக்கிற புரோகிராமை ஓட்டி ரிப்போர்ட் எடுப்பேன், புதிதாக எழுதத் தெரியாது. மெஷினிங் பண்ணும்போது திறக்கிற புளோஹோல் (வார்ப்பில் காற்றுக் குழி), டென்ட் மார்க், போர் அண்டர்சைஸ் (துளை சிறிதாவது), இதெல்லாம்தான் ரிஜெக்ஷன்.

பிடித்தது என்றால் ஒன்று இருக்கிறது. மெஷினில் ஆபரேட்டர் பார்க்கும்போது போர் ஓகே வரும், அதே பீஸ் ஃபைனலுக்கு வந்தால் அண்டர்சைஸ். ஆபரேட்டருக்கும் எங்களுக்கும் தினம் சண்டை. நான் ஒரு நாள் அதே பீஸை எடுத்து வைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி அளந்தேன். 7, 8 மைக்ரான் குறைந்தது. சூடாக இருக்கும்போது அளந்துகொண்டிருந்தார்கள், கேஜைச் சரிபார்க்கும் மாஸ்டர் ரிங் ஏசி அறையில் இருந்தது. அப்புறம் சூப்பர்வைசரிடம் காட்டி, கூலன்ட்டில் கழுவி ஆறவிட்டு அளப்பது, மாஸ்டரை மெஷின் பக்கத்திலேயே வைப்பது என்று மாற்றினோம். மாதம் 40 பீஸ் வரை போய்க்கொண்டிருந்தது, இப்போது 5, 6 தான். ஆனால் இதெல்லாம் ரெஸ்யூமேவில் எழுதுகிற விஷயமா சார்?

மைக்ரான்

அதைத் தவிர வேறு எதையும் எழுதத் தேவையில்லை!

பத்து டிகிரி சூடு அதிகம் இருந்தால் 72 மில்லிமீட்டர் இரும்புப் போர் சுமார் 8 மைக்ரான் பெரிதாகக் காட்டும். 30 மைக்ரான் டாலரன்ஸில் அது கால்வாசி. இதைச் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்த ஒருவர், "மேலதிகாரி சொல்லும் வேலைகளைச் செய்தல்" என்று எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபமே வருகிறது.

இப்போது சொன்னதையே சுருக்கி ஆங்கிலத்தில் எழுதினால் போதும். இலக்கணம் பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை. முதல் வரி: பாகம், மெட்டீரியல், மெஷின், முக்கிய அளவு, டாலரன்ஸ். இரண்டாவது வரி: கேஜ்கள், ஒவ்வொன்றும் பெயரோடு. சிஎம்எம் என்று மட்டும் எழுதாமல் "இருக்கும் புரோகிராமை ஓட்டி ரிப்போர்ட் எடுப்பது" என்றே எழுதுங்கள். அது குறைவாகத் தெரியும் என்று பயப்படாதீர்கள். வெறுமனே சிஎம்எம் என்று எழுதியவரை நான் மெஷின் முன்னால் உட்கார வைத்து புதுப் பாகத்துக்கு அலைன்மென்ட் எடுக்கச் சொல்வேன், அப்போது முழிப்பதை விட இது மேல். மூன்றாவது வரி அந்தப் போர் விஷயம். என்ன பிரச்சினை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன மாற்றினீர்கள், 40 எத்தனை ஆனது.

டிஎஸ் 16949 என்பதை எடுத்துவிடுங்கள். 2016-லேயே அந்த இடத்துக்கு ஐஏடிஎஃப் 16949 வந்துவிட்டது, 2018-க்குப் பிறகு பழைய சான்றிதழே செல்லாது. அதை இன்னும் எழுதுகிறவர் ரெஸ்யூமேவை சீனியரிடமிருந்து காப்பி எடுத்திருக்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். ஐஏடிஎஃப் என்று எழுதினாலும், ஆடிட் வந்தபோது நீங்கள் என்ன காட்டினீர்கள் என்று ஒரு வரி இருக்க வேண்டும். கேஜ் கேலிப்ரேஷன் லிஸ்ட் பராமரித்தீர்களா, கன்ட்ரோல் பிளான்படி செக் ஷீட் போட்டீர்களா, அப்படி ஏதாவது.

இதே மாதிரிதான் கோர் டூல்ஸ் (வாகனத் துறையின் அடிப்படைத் தர முறைகள்) என்று ஐந்தையும் வரிசையாக அடுக்குவது. எஃப்எம்இஏ (தவறு எங்கே வரலாம் என்று முன்கூட்டியே அலசுவது) என்று எழுதி "ஆர்பிஎன் குறைத்தேன்" என்று ஒருவர் வந்தார். 2019-ல் வந்த புதிய கையேட்டில் ஆர்பிஎன் என்ற ஆபத்து எண்ணை எடுத்துவிட்டு ஆக்ஷன் பிரையாரிட்டி (நடவடிக்கை முன்னுரிமை) வைத்திருக்கிறார்கள். பழைய முறையிலேயே ஓடும் கம்பெனிகள் இருக்கின்றன, அது தவறில்லை. ஆனால் இரண்டும் என்ன என்று தெரியாமல் வார்த்தையை மட்டும் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பிபிஏபி (பாகத்துக்குக் கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் ஆவணத் தொகுப்பு) என்று எழுதினால் எந்த லெவல், 18 அம்சங்களில் நீங்கள் எதைத் தயாரித்தீர்கள் என்று கேட்பேன். அளவு ரிப்போர்ட் மட்டும் எடுத்துக் கொடுத்தீர்களா, அதை மட்டும் எழுதுங்கள், அதுவும் வேலைதான். எம்எஸ்ஏ (அளவீட்டு முறை ஆய்வு) செய்திருந்தால் கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளக்கும் முறையால் வரும் வேறுபாடு) எத்தனை சதவீதம் வந்தது, 10-க்குக் கீழா, 10-க்கும் 30-க்கும் நடுவிலா, நடுவில் வந்தபோது என்ன முடிவு எடுத்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கார் ஆலையில் என்ன பார்த்தீர்கள்? அதையும் இதே மாதிரி சொல்லுங்கள்.

வல்லம்_பஸ்ஸ்டாப்

டோர், பானெட், டிக்கி கேப்பும் (இடைவெளி) ஃப்ளஷ்ஷும் (மேல்மட்டம் சமமா என்று) பார்ப்பது. டேப்பர் கேஜ், ஃபீலர், ஃப்ளஷ் கேஜ். அப்புறம் கொஞ்ச நாள் டார்க் ஆடிட் (போல்ட் இறுக்கம் சரிபார்ப்பது), டிஜிட்டல் டார்க் ரென்ச்சில் சஸ்பென்ஷன் போல்ட் செக் பண்ணி மார்க் போடுவது. ஷவர் டெஸ்டில் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பது.

மைக்ரான்

இரண்டு வரி போதும் இதற்கு. டார்க் ஆடிட்டை விட்டுவிடாதீர்கள், அசெம்பிளி கம்பெனிகள் அதைத் தேடுவார்கள்.

ஓசூர்க்காரன்

மைக்ரான் சார், ஒரு சந்தேகம். நம்பர் போடு, நம்பர் போடு என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி இப்போது எல்லா ரெஸ்யூமேவிலும் "ரிஜெக்ஷன் 40 சதவீதம் குறைத்தேன்", "உற்பத்தி 30 சதவீதம் கூட்டினேன்" என்று இருக்கிறது. எல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஏஐயிடம் கேட்டு எழுதியது. உண்மையாக எழுதுகிறவன் நம்பரும் அந்தக் கூட்டத்தில்தானே போய்ச் சேரும்?

மைக்ரான்

நல்ல கேள்வி. சதவீதத்தை நானும் நம்புவதில்லை. 40 சதவீதம் என்றால் எதில் 40? எனக்கு வேண்டியது பீஸ் எண்ணிக்கை, எந்த டிஃபெக்ட், எந்த மெஷின். தம்பி சொன்ன மாதிரி "போர் அண்டர்சைஸ், மாதம் 40-லிருந்து 6" என்று இருந்தால் அடுத்த கேள்வி என் வாயில் தானாக வரும்: ஏன் அண்டர்சைஸ்? அதற்கு அவர் சூட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், செய்தவனா கேட்டவனா என்று. ஏஐ எழுதிக் கொடுத்த வரிக்கு இரண்டாவது கேள்வியிலேயே பதில் இருக்காது.

ஏஐயைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. நீங்கள் தமிழில் சொன்னதை அப்படியே ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். "இன்னும் சிறப்பாக்கு" என்று சொல்லாதீர்கள், அது நீங்கள் பார்க்காத வேலையையெல்லாம் சேர்த்துவிடும். நம்பர் எதுவும் கையில் இல்லையா, போடாதீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று தெளிவாக எழுதினாலே போதும்.

கோப்பும்_காபியும்

என் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் மைக்ரான் சார் மேஜைக்கு வருவதற்கு முன்னால் அது எங்களைத் தாண்ட வேண்டும்.

நௌக்ரியில் நாங்கள் யாரையும் ஒவ்வொருவராகப் படித்துக்கொண்டே போவதில்லை, தேடுகிறோம். "சிஎம்எம்", "ஏர் கேஜ்", "நக்கிள்", "விஎம்சி", "ஸ்ரீபெரும்புதூர்" என்று போட்டு, எத்தனை வருட அனுபவம், நோட்டீஸ் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று வடிகட்டுவோம். தம்பி ரெஸ்யூமேவில் அந்த வார்த்தைகளே கிடையாது. "கடின உழைப்பு" என்று யாரும் தேடுவதில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் மட்டும் கூப்பிடுவதற்குக் காரணம் அதுதான், அவர்களுக்கு எந்த வார்த்தையும் தேவையில்லை, போன் நம்பர் போதும். அதனால் ப்ரொஃபைல் தலைப்பில் "டிப்ளமோ மெக்கானிக்கல், வேலை தேடுகிறேன்" என்று விடாமல் என்ன வேலை, என்ன பாகம், என்ன கேஜ் என்று எழுதுங்கள், வாரம் ஒருமுறையாவது உள்ளே போய் வாருங்கள்.

இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் கலர் அடித்து, போட்டோ ஒட்டி, திறமைக்கெல்லாம் ஐந்து நட்சத்திரத்தில் நான்கு என்று போடும் டெம்ப்ளேட் வேண்டாம். மென்பொருள் அதைப் படிக்கும்போது இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து உளறலாகிவிடும். சோதித்துப் பார்க்க எளிய வழி: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல் வந்தால் சரி. ஏடிஎஸ் (ரெஸ்யூமே வடிகட்டும் மென்பொருள்) ஸ்கோர் சொல்கிறேன் என்று காசு வாங்கும் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மென்பொருள் வைத்திருக்கிறது, எல்லோருக்கும் பொதுவான மார்க் என்று ஒன்று கிடையாது.

சம்பளத்தில் பல தம்பிகள் ஏமாந்து போகிறார்கள். சிடிசி (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) எவ்வளவு என்று கேட்டால் கையில் வருவதைச் சொல்கிறார்கள். சிடிசியில், அடிப்படைச் சம்பளத்தின் மேல் கணக்கிட்டுக் கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், போனஸ் 8.33 சதவீதம், கிராஜுவிட்டிக்காக ஒதுக்கும் 4.81 சதவீதம், இப்படி எல்லாம் சேர்ந்திருக்கும். கையில் 20 ஆயிரம் வாங்குகிறவர் 20 என்று சொன்னால், புது கம்பெனி 20-க்கு மேல் கொஞ்சம் கூட்டி சிடிசியாகக் கொடுக்கும், வந்து பார்த்தால் பழையதை விடக் குறைவாக இருக்கும். ரெஸ்யூமேவில் சம்பளம் எழுதவே வேண்டாம், ப்ரொஃபைலில் கேட்கும் இடத்தில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் பார்த்து சிடிசியைப் போடுங்கள்.

மதம், அப்பா பெயர், திருமணம், பொழுதுபோக்கு, டிக்ளரேஷன், எல்லாவற்றையும் எடுக்கலாம். ஊர் மட்டும் இருக்கட்டும், கம்பெனி பஸ் வரும் ரூட்டா என்று பார்ப்பார்கள். ஷிஃப்ட்டுக்கு வர முடியும் என்றால் அதையும் ஒரு வரி சேருங்கள்.

ஓசூர்க்காரன்

டிக்ளரேஷன் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிய இடத்தை நான் பார்த்திருக்கிறேன். பழைய முதலாளி கம்பெனிகளில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இருந்தால் என்ன நஷ்டம்?

கோப்பும்_காபியும்

நஷ்டம் இல்லை, நான்கு வரி இடம்தான் போகும். நேரில் கொண்டு போய்க் கொடுக்கும் பிரிண்டில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளை_முடிந்தது

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் குவாலிட்டிதான், டாகுமென்டேஷன் பக்கம். பிபிஏபி ஃபைல் முழுவதும் நான்தான் தயார் பண்ணுவேன், லெவல் 3. குழந்தை பிறந்ததும் விட்டது, நான்கு வருடம் ஆகிவிட்டது. அந்த இடைவெளியை எப்படி எழுதுவது? வருடத்தை மட்டும் போட்டு மாதத்தை விட்டுவிடு என்கிறார்கள், சிலர் அந்தக் காலத்தில் ஃப்ரீலான்ஸ் பண்ணியதாகப் போடச் சொல்கிறார்கள்.

கோப்பும்_காபியும்

பண்ணாத ஃப்ரீலான்ஸ் வேண்டாம் மா. மாதத்தை ஒளித்தாலும் நான்கு வருடம் ஒளியாது. "2021 முதல் 2025 வரை குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி, இப்போது முழுநேர வேலைக்குத் தயார்" என்று அனுபவத்தின் வரிசையிலேயே ஒரு வரி, உங்கள் வருடத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கம், மன்னிப்பு எதுவும் தேவையில்லை. இன்டர்வியூவில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பார்கள், கேட்கக் கூடாது, ஆனால் கேட்பார்கள். அதற்கான பதிலை ரெஸ்யூமேவில் எழுதி வைக்காதீர்கள்.

மைக்ரான்

பிபிஏபி ஃபைல் முழுவதையும் தனியாகத் தயார் செய்கிறவர் கிடைப்பது எங்களுக்குக் குதிரைக் கொம்பு. எத்தனை பாகத்துக்குச் செய்தீர்கள், எந்த வகைக் கஸ்டமர், முதல் தடவையிலேயே அப்ரூவல் வந்ததா என்று எழுதுங்கள். இடைவெளிக்கு முன்னால் எஃப்எம்இஏ பழைய முறையில் செய்திருந்தால் மேலே சொன்ன 2019 கையேட்டை ஒருமுறை படித்துவிட்டு, ஒரு பழைய பாகத்தைப் புது முறையில் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். நான்கு வருடம் போனதைப் பற்றி நான் கவலைப்படுவதே அங்கே மட்டும்தான்.

தம்மாம்_ரிட்டர்ன்

வெளிநாட்டுக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே எடுக்கச் சொன்ன பாதியை கல்ஃப் ரெஸ்யூமேவில் திரும்பவும் சேர்க்க வேண்டியிருக்கும். போட்டோ, பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எப்போது வரை செல்லும், ஏற்கனவே அங்கே இருந்தால் விசா நிலை, இதெல்லாம் அங்கே கேட்பார்கள். பாஸ்போர்ட் எண்ணை முழுவதும் போடாதீர்கள். வேலையும் வேறு மாதிரி இருக்கும், எண்ணெய் எரிவாயு புராஜெக்டுகளில் க்யூசி என்றால் வெல்டிங், பைப்பிங். என்டிடி லெவல் 2 (உடைக்காமல் சோதிப்பது), சிஸ்விப் 3.1 (வெல்டிங் இன்ஸ்பெக்ஷன்) மாதிரி சான்றிதழைத்தான் முதலில் தேடுவார்கள். நக்கிள் அளந்த அனுபவத்தை வைத்து நேராக அங்கே போவது கஷ்டம். ஏஜென்ட் பணம் கேட்டால், மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அவர் பதிவு செய்தவரா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பிரிட்டன், அமெரிக்கா என்றால் போட்டோவும் வயதும் வேண்டாம்.

பைனல்_இயர்_பையன்

எனக்கு அனுபவமே இல்லை அண்ணா, நான் என்ன எழுதுவது? புராஜெக்ட் என்றால் வெளியில் காசு கொடுத்து வாங்கியதுதான்.

மைக்ரான்

அதை எழுதாதே தம்பி, நான் அதைத்தான் முதலில் கேட்பேன். காலேஜ் லேபில் வெர்னியர், மைக்ரோமீட்டர், சைன் பார் (கோணம் அளக்க உதவுவது) தொட்டிருப்பாய் இல்லையா? டிராயிங் படிக்கத் தெரியுமா, ஜியோமெட்ரிக் டாலரன்ஸ் குறியீடுகளில் எத்தனை தெரியும்? இருக்கிற நேரத்தில் அதைப் படி. ஒரு பழைய பாகத்தை எடுத்து நீயே அளந்து, ஒரு பக்கம் அளவு ரிப்போர்ட் போட்டு ரெஸ்யூமேவோடு வை. வாங்கிய புராஜெக்டை விட அது எனக்குப் பிடிக்கும். டிப்ளமோ மார்க்கை மறைக்காதே, அரியர் இருந்தால் எப்போது முடித்தாய் என்று போடு.

ஓசூர்க்காரன்

வேலைவாய்ப்பு அலுவலக முகாமுக்குப் போகிறவர்கள் பிரிண்ட் நிறைய எடுத்துப் போங்கள். அங்கே ஒவ்வொரு மேஜையிலும் ஒன்று கேட்பார்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கூட்டம் தாங்காது.

வல்லம்_பஸ்ஸ்டாப்

எல்லோரும் சொன்னதை வைத்து மாற்றிவிட்டேன், ஒரே பக்கம் வந்திருக்கிறது. சரியா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் இருப்பதன் சாரம்:

பெயர், போன், மெயில், ஊர் (வல்லம், ஸ்ரீபெரும்புதூர் பகுதி, மூன்று ஷிஃப்ட்டுக்கும் தயார்).

குவாலிட்டி இன்ஸ்பெக்டர், 5 வருட அனுபவம் மற்றும் ஒரு வருட அப்ரண்டிஸ். எஸ்ஜி அயர்ன் ஸ்டீயரிங் நக்கிள் மெஷினிங், கார் அசெம்பிளி லைன் இன்ஸ்பெக்ஷன்.

இப்போதைய வேலை: விஎம்சி மெஷினிங் லைனில் இன்புராசஸ் மற்றும் ஃபைனல். பேரிங் போர் 72 எச்7 ஏர் கேஜில் 100 சதவீதம். போர் டயல், ஹைட் கேஜ், பிளக் கேஜ். சிஎம்எம்மில் இருக்கும் புரோகிராமை ஓட்டி ரிப்போர்ட் எடுத்தல். போர் அண்டர்சைஸ் ரிஜெக்ஷனுக்குச் சூடான பீஸை அளப்பதே காரணம் என்று கண்டறிந்து, கழுவி ஆறவைத்து அளக்கும் முறையும் மாஸ்டரை மெஷின் அருகில் வைப்பதும் கொண்டுவந்தேன், மாதம் 40 வரை இருந்தது 6-க்குள் வந்தது. லைனில் உள்ள கேஜ்களின் கேலிப்ரேஷன் தேதி லிஸ்ட் பராமரிப்பு.

முந்தைய வேலை: கார் ஆலை பெயர், ஓரகடம். கான்ட்ராக்ட் ரோல், சம்பளம் வழங்கியது இன்ன நிறுவனம். கேப், ஃப்ளஷ் செக், டார்க் ஆடிட், ஷவர் டெஸ்ட்.

அப்ரண்டிஸ், டிப்ளமோ, மார்க், வருடம். அவ்வளவுதான். அப்ஜெக்டிவ் எடுத்துவிட்டேன். ஆட்டோகேடையும் எடுத்துவிட்டேன், காலேஜுக்கு அப்புறம் திறக்கவே இல்லை.

மைக்ரான்

"கண்டறிந்து" என்ற இடத்தில் சூப்பர்வைசரோடு சேர்ந்து மாற்றியதைச் சொல்லுங்கள். தனியாகவே முறையை மாற்றினேன் என்றால், இன்ஸ்பெக்டருக்கு அந்த அதிகாரம் யார் கொடுத்தது என்று கேட்பார்கள். கஸ்டமர் பெயரை எழுதாமல் விட்டது நல்லது, பல கம்பெனிகளில் அதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கும். மற்றதெல்லாம் சரி. இது என் மேஜைக்கு வந்தால் கூப்பிடுவேன்.

கோப்பும்_காபியும்

ஃபைல் பெயர் "நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2" என்று இருந்தால் மாற்றுங்கள் தம்பி. உங்கள் பெயர், அப்புறம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், அப்புறம் 5 வருடம். பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்ட் வைக்காதீர்கள். நோட்டீஸ் எத்தனை நாள் என்று சொல்லவே இல்லையே?

வல்லம்_பஸ்ஸ்டாப்

ஆர்டரில் 30 நாள் என்று இருக்கிறது மேடம், ப்ரொஃபைலில் தவறுதலாக 90 என்று கிடக்கிறது.

கோப்பும்_காபியும்

அதை இப்போதே மாற்றுங்கள். உடனே ஆள் வேண்டும் என்று தேடும்போது நாங்கள் முதலில் தட்டிவிடுவது 90 நாள்காரர்களைத்தான்.